புள்ளிக்குப் பின்னால்: வீட்டிலே ஒரு லேத் பட்டறை



ஒரு வெள்ளைத் தாளைக் கையில் எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருக்குமே, அந்தத் தாள். விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடவிப் பாருங்கள். எவ்வளவு மெல்லியது!

அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எண்ணில் எழுதினால் 0.1 மி.மீ.

இந்தத் தாளின் தடிப்பு அளவு பிசகியதால் ஒரு படகு நடுக்கடலில் தவித்தது. அந்தக் கதையை முதலில் சொல்கிறேன். பிறகு வீட்டில் ஒரு சிறிய லேத் பட்டறை வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

1. மட்டாஞ்சேரியில் ஒரு பட்டறை

எங்கள் ஊர் கொச்சியில் மட்டாஞ்சேரி. எர்ணாகுளம் மாவட்டம். பக்கத்தில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் காதில் விழும். ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கின்றன. பிழைப்புத் தேடிப் பிற்பாடு வந்த தமிழர்களும் நிறைய.

அப்படி வந்தவர்தான் லேத் மாமா. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே வீட்டுக்கு வீடு லேத் ஓடும் தெருக்கள் உண்டு. பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய சாமான்களை அங்கே கடைந்து கொடுப்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா மட்டாஞ்சேரிக்கு வந்தார். வீட்டின் முன்னறையில் ஒரு பழைய லேத் போட்டார். படகுகளுக்குப் புஷ், ஷாஃப்ட், போல்ட் செய்து கொடுத்தார். மசாலா அரைக்கும் மில்காரர்களும் வருவார்கள்.

மாமாவின் கை நல்ல கை. ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது. கோயம்புத்தூரில் ஃபோர்மேன் அளவு வைத்துக் கொடுப்பார். மாமா இயந்திரத்தை ஓட்டுவார். அளவு பார்க்கும் வேலை அவருக்கு வரவே இல்லை.

2. அந்த ஜூலை மாதம்

கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை, 52 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன் பெருகுவதற்காக இந்தத் தடை. அந்த நாட்களில்தான் படகுகளைப் பழுது பார்ப்பார்கள். மாமாவுக்கு வேலை குவியும்.

ஜூலை கடைசி வாரம். ஒரு படகுக்காரர் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். ஷாஃப்டின் விட்டம் அதில் எழுதியிருந்தது: 38.10.

மாமா எண்களை ஓரளவு அறிவார். 38 என்பது புரிந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போது அத்தை எங்கள் வகுப்புக்கு வரத் தொடங்கியிருந்தார். ரேஷன் கார்டும் பேங்க் புத்தகமும் படிக்க வேண்டும் என்று வந்தவர். அவர் தாளைப் பார்த்துக் கேட்டார்.

"என்னங்க, புள்ளிக்குப் பின்னால ஏதோ எழுதியிருக்கே?"

"அது சில்லறை. விடு" என்றார் மாமா.

"சில்லறை சேர்ந்துதானே ரூபாய்?"

மாமா சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

கன்மெட்டல் உருண்டையைக் கடைந்து புஷ் செய்தார். உள் துளை சரியாக 38. ஆனால் ஷாஃப்டோ 38.10. துளையை விட ஷாஃப்ட் ஒரு தாள் தடிப்புப் பெரியது. உள்ளே போகவில்லை.

துறையில் ஒரே அவசரம். மாமா உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் துளையைத் தேய்த்தார். ஷாஃப்ட் நுழைந்தது. ஆனால் துளை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் இறுக்கம், மறு பக்கம் தளர்ச்சி.

படகு கடலுக்குப் போனது. இரண்டாம் முறை போனபோது ஷாஃப்ட் ஆட ஆரம்பித்தது. தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டு விட்டுப் போனது. எஞ்சின் அறைக்குள் கடல் நீர் ஏறியது. படகில் எட்டுப் பேர். இரவு முழுவதும் தண்ணீரை இறைத்தார்கள். விடிந்த பிறகு இன்னொரு படகு வந்து கட்டி இழுத்து வந்தது.

எட்டுப் பேரும் உயிருடன் வந்தார்கள். ஐஸ், டீசல், மீன் எல்லாம் வீண்.

மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கூலி வாங்காமல் புது புஷ் செய்து கொடுத்தார். அதற்கு மட்டும் வேறு ஒருவரை அழைத்து அளவு பார்க்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு மாலை வகுப்பில் அத்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு அந்தப் புள்ளியைச் சொல்லிக் குடு" என்றார். அப்போது அவருக்கு வயது 46.

எங்கள் எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4ஆம் தேதி முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் மாவட்டம் இதுதான். ஆனால் அதற்குப் பிறகும் வேலை தேடி இங்கே வருபவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதத் தெரிந்தும் எண் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வகுப்பு நிற்கவில்லை.

3. லேத் என்றால் என்ன?

லேத் என்பது கடைசல் இயந்திரம். குயவர் சக்கரத்தில் மண் சுற்றும். கை அசையாமல் இருக்கும். பானை உருவாகும். லேத்திலும் அப்படித்தான். இரும்பு சுற்றும். கூரான டூல் அதைச் சீவும். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான்களையும் இப்படிக் கடைசல் பிடித்துத்தான் செய்கிறார்கள்.

லேத்தின் முக்கியப் பாகங்கள்:

பெட்: இயந்திரத்தின் நீண்ட முதுகு. மற்ற எல்லாம் இதன் மேல்தான் இருக்கும்.
சக்: இரும்பைப் பிடித்துச் சுற்றும் பாகம்.
டூல் போஸ்ட்: டூலைப் பிடித்திருக்கும் பாகம்.
கேரேஜ்: டூலை இடமும் வலமும் நகர்த்தும் பாகம்.
டெயில்ஸ்டாக்: நீண்ட கம்பியின் மறு முனையைத் தாங்கும் பாகம்.

சுமார் 1800ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் மரை வெட்டும் லேத்தைச் சிறப்பாக அமைத்தார். அவர் 12 வயதில் ஆயுதச் சாலையில் வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி. அவருடைய பட்டறையில் மிக நுட்பமான ஓர் அளவுக் கருவி இருந்தது. இந்த அளவு சரியா, அந்த அளவு சரியா என்று சண்டை வந்தால் அந்தக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அது சொன்னதே தீர்ப்பு. அதனால் அதற்கு நாட்டின் பெரிய நீதிபதியின் பட்டப் பெயரையே வைத்தார்கள்.

நம் எர்ணாகுளம் மாவட்டத்திலும் லேத் செய்திருக்கிறார்கள். களமசேரியில் 1960களில் தொடங்கிய எச்.எம்.டி. தொழிற்சாலை லேத்துகளுக்குப் பெயர் பெற்றது.

4. பழைய லேத் வாங்கும்போது

வீட்டுப் பட்டறைக்கு நாலரை அடி லேத் போதும். பழையதாகவும் கிடைக்கும். ஆனால் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. இவற்றைச் சோதியுங்கள்.

முதலில் சக்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்து பெட்டை விரலால் தடவிப் பாருங்கள். சக்குக்கு அருகில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். அங்கே பள்ளம் தட்டினால் யோசியுங்கள்.

கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். டூல் நகராமல் கைப்பிடி மட்டும் வெகு தூரம் சுற்றினால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது.

மரை வெட்ட வேண்டிய பல்சக்கரங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சில மரைகளை வெட்ட முடியாது.

கடைசியாக ஒரு கம்பியைக் கடைந்து பாருங்கள். ஒரு சாண் நீளம் போதும். கம்பியின் இரு முனையையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. பத்தில் ஒரு பங்கு என்றால் வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

5. எங்கே, எப்படி வைப்பது?

லேத் நாலைந்நூறு கிலோ இருக்கும். ஆகவே தரைத் தளத்தில்தான் வைக்க வேண்டும். அடியில் கான்கிரீட் மேடை போட வேண்டும். ரசமட்டம் வைத்துச் சமம் பார்க்க வேண்டும். மேடை கோணலானால் வேலையும் கோணலாகும்.

மட்டாஞ்சேரியில் தாழ்வான தெருக்களில் கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வீட்டுக்குள் வரும். முன்பு எதுவரை தண்ணீர் ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மேடை அதைவிட உயரமாக இருக்கட்டும். மோட்டாரும் சுவிட்சும் இன்னும் மேலே இருக்கட்டும்.

உப்புக் காற்று இரும்புக்கு எதிரி. ஒரே இரவில் துரு ஏறும். வேலை முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அளவுக் கருவிகளை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

வெளிச்சம் நன்றாக வேண்டும். ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. பழைய மாதிரி டியூப்லைட் வெளிச்சத்தில், வேகமாகச் சுற்றும் சக் சில நேரம் நின்றுவிட்டது போலத் தோன்றும். கை வைத்தால் ஆபத்து. ஆகவே லேத்துக்கு அருகில் தனியாக ஒரு விளக்கு வையுங்கள்.

மின்சாரத்துக்கு மூன்று பாதுகாப்பு வேண்டும். ஒன்று, நல்ல எர்த். இரண்டு, மின் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச். மூன்று, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இயந்திரம் தானாக ஓடாதபடி ஒரு ஸ்டார்ட்டர். இவற்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனே போட வேண்டும். வீட்டுக் கரண்டில் தொழில் நடத்தலாமா என்று மின் வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டு விடுங்கள்.

பக்கத்து வீட்டாரிடமும் முதலிலேயே பேசுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டுவீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

6. அளவு பார்ப்போம்

இதுதான் பாடத்தின் உயிர். மெதுவாகப் படியுங்கள்.

நம் ஆட்கள் இன்ச், நூல் என்று பேசுவார்கள். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். ஆனால் தாளில் மில்லிமீட்டர் எழுதியிருக்கும். இரண்டும் தெரிய வேண்டும்.

2 நூல் = 6.35 மி.மீ.
4 நூல் (அரை இன்ச்) = 12.70 மி.மீ.
6 நூல் (முக்கால் இன்ச்) = 19.05 மி.மீ.
8 நூல் (ஒரு இன்ச்) = 25.40 மி.மீ.
12 நூல் (ஒன்றரை இன்ச்) = 38.10 மி.மீ.

கடைசி வரியைப் பாருங்கள். படகுக்காரரின் ஷாஃப்ட் ஒன்றரை இன்ச் ஷாஃப்ட்தான். 38 அல்ல. 38.10.

புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் எண் பத்தில் பங்கு. இரண்டாவது எண் நூறில் பங்கு. ரூபாயும் பைசாவும் போலவே. 38.10 என்றால் 38 ரூபாய் 10 பைசா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெர்னியரைப் படிப்பது எப்படி?

வெர்னியர் என்பது அளவு பார்க்கும் கருவி. அதற்கு இரண்டு தாடைகள் உண்டு. இரண்டு அளவுகோல்கள் உண்டு. பெரிய கோல் அசையாது. சின்ன கோல் நகரும்.

முதல் படி: தாடைகளைத் துடைத்து மூடுங்கள். இரண்டு கோலிலும் பூஜ்யம் நேராக இருக்கிறதா? இருந்தால் கருவி சரி.

இரண்டாம் படி: ஷாஃப்டைத் தாடைகளுக்கு நடுவில் பிடியுங்கள். அழுத்த வேண்டாம். மெதுவாகத் தொட்டால் போதும்.

மூன்றாம் படி: சின்ன கோலின் பூஜ்யம் பெரிய கோலில் எந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது? 38ஐத் தாண்டியிருந்தால் 38 என்று எழுதுங்கள்.

நான்காம் படி: சின்ன கோலின் கோடுகளைப் பாருங்கள். அவற்றில் ஒரே ஒரு கோடுதான் பெரிய கோலின் கோட்டோடு நேர்கோட்டில் சேரும். அது எத்தனையாவது கோடு? ஐந்தாவது என்று வைத்துக்கொள்வோம். 50 பிரிவு உள்ள சின்ன கோலில் ஒரு கோட்டுக்கு 0.02 மி.மீ. ஆகவே 5 × 0.02 = 0.10.

ஐந்தாம் படி: கூட்டுங்கள். 38 + 0.10 = 38.10 மி.மீ.

அவ்வளவுதான். மாமா இதைக் கற்க மூன்று வாரம் ஆனது. கண்ணாடி போட்ட பிறகு சுலபமாயிற்று. கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் நீங்களும் கண்ணைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

இதைவிட நுட்பமாக அளக்க மைக்ரோமீட்டர் இருக்கிறது. அது நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 மி.மீ. வரை காட்டும்.

ஒரு செய்தியை மறக்கக் கூடாது. ஷாஃப்ட் 38.10 என்றால் புஷ்ஷின் துளையும் 38.10 இருந்தால் சுற்றாது. எண்ணெய் நிற்க இடைவெளி வேண்டும். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 38.10க்கு ஏறக்குறைய 0.04 வரும். ஆகவே துளை 38.14. தண்ணீருக்குள் ஓடும் புஷ்ஷுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். எவ்வளவு என்று எஞ்சின் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைந்த உடனே அளக்காதீர்கள். சூடான உலோகம் விரிந்திருக்கும். ஆறிய பிறகு அளந்தால்தான் சரியான அளவு கிடைக்கும்.

7. எத்தனை வேகம்?

இரும்பு பருமனாக இருந்தால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மெல்லியதாக இருந்தால் வேகமாகச் சுற்றலாம். சாதாரண இரும்பை ஹைஸ்பீடு டூலால் கடையும்போது ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது.

8000த்தை விட்டத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும்.

20 மி.மீ. கம்பி: 8000 ÷ 20 = 400 சுற்று
40 மி.மீ. கம்பி: 8000 ÷ 40 = 200 சுற்று
80 மி.மீ. உருண்டை: 8000 ÷ 80 = 100 சுற்று

லேத்தில் அந்த வேகம் இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள வேகத்தை வையுங்கள். வேகம் மிஞ்சினால் டூலின் முனை எரிந்து போகும்.

8. உயிரும் விரலும்

மாமாவின் இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். சுற்றிக்கொண்டிருந்த கம்பியைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். துணி சுற்றிக்கொண்டது. துணியோடு விரலும் போனது. ஒரு நொடிதான். அவர் கையை விலக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லேத்துக்கு இரும்பும் விரலும் ஒன்றுதான். ஆகவே இவற்றை மனப்பாடம் செய்யுங்கள்.

- லுங்கி, முண்டு, துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, துப்பட்டா வேண்டாம். கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் போடுங்கள். நீண்ட முடியை இறுக்கிக் கட்டுங்கள்.
- மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
- லேத் ஓடும்போது கையுறை போடக் கூடாது. கையுறை காப்பாற்றாது. இழுத்துக்கொள்ளும்.
- கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.
- சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. அது கல் போலப் பறக்கும். சாவி கையில் இருந்தால்தான் சுவிட்சில் கை போக வேண்டும்.
- துடைப்பது, அளப்பது எல்லாம் இயந்திரம் நின்ற பிறகே.
- இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது. அது கத்தி. கம்பிக் கொக்கியாலும் பிரஷ்ஷாலும் எடுங்கள்.
- சாணைக் கல்லைப் பொருத்தும் முன் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். அந்தக் கல் வேண்டாம்.
- தூக்கம் வந்தாலும் குடித்திருந்தாலும் இயந்திரத்தைத் தொடக் கூடாது.
- குழந்தைகள் வரும் வழியில் தடுப்பு வையுங்கள். வீட்டுப் பட்டறையில் இது மிக மிக முக்கியம்.

அடி பட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். 108க்கு போன் செய்யுங்கள்.

9. கூலி கேட்பது எப்படி?

முன்பெல்லாம் மாமா வாய்க்கு வந்த கூலியைச் சொல்வார். மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காது. அத்தைதான் ஒரு நோட்டுப் போட்டார். அவர் கற்றுக்கொண்ட கணக்கைப் பாருங்கள். இதில் உள்ள தொகைகள் ஓர் எடுத்துக்காட்டுக்காகவே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

லேத்துக்கும் கருவிகளுக்கும் 1,20,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டில் அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் மொத்தம் 5,000 மணி நேரம்.

1,20,000 ÷ 5,000 = 24 ரூபாய்.

1 குதிரைத் திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் முக்கால் யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றால் 6 ரூபாய்.

டூல் தேய்மானம், எண்ணெய், துணி ஆகியவற்றுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

24 + 6 + 10 = 40 ரூபாய்.

அதாவது உங்கள் உழைப்புக்குக் கூலி சேர்க்கும் முன்பே மணிக்கு 40 ரூபாய் செலவாகிறது. மூன்று மணி நேர வேலைக்கு 100 ரூபாய் வாங்கினால் நட்டம்! உங்கள் கூலியை இந்த 40க்கு மேல் வைத்துக் கேளுங்கள்.

வேலை நோட்டில் இவை இருக்க வேண்டும்: தேதி, வாடிக்கையாளர் பெயர், என்ன வேலை, அளவு, முன்பணம், பாக்கி. அளவை எழுதியதும் வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். அவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். பிறகு தகராறு வராது.

பித்தளை, கன்மெட்டல் துருவலை இரும்புத் துருவலோடு கலக்காதீர்கள். தனித்தனிச் சாக்கில் கட்டுங்கள். காயலான் கடையில் அவற்றுக்கு இரும்பைவிட நல்ல விலை கிடைக்கும்.

10. எங்கே உதவி கேட்பது?

2020 ஜூலை 1 முதல் சிறு தொழில்களுக்கு உத்யம் பதிவு நடைமுறையில் இருக்கிறது. இதற்கு ஆதார் எண் வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்துக்குக் காக்கநாட்டில் இருக்கிறது. கடன் திட்டங்கள், மானியம், எந்தெந்த அனுமதி வாங்க வேண்டும் என்று அங்கே கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. கொச்சி மாநகராட்சியின் அனுமதி பற்றியும் கேளுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் ஆர்வம் இருந்தால் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்புக்கு அனுப்பலாம். வரைபடம் படிக்கவும் அளவு பார்க்கவும் முறையாகச் சொல்லித் தருவார்கள்.

எந்தத் தாளாக இருந்தாலும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால் "நாளை வருகிறேன்" என்று சொல்லி வாங்கி வாருங்கள். வகுப்பில் சேர்ந்து படிப்போம்.

11. இப்போது

போன ஜூலையில் மாமாவின் பட்டறைக்குப் போனேன். வாசலில் படகுக்காரர்கள் காத்திருந்தார்கள். ஓர் இளைஞர் வந்து, "அவசரம் சேட்டா, முப்பத்தெட்டு புஷ் ஒன்று வேணும்" என்றார்.

மாமா இயந்திரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டினார். நோட்டைத் திறந்தார்.

"முப்பத்தெட்டு. சரி. புள்ளிக்குப் பின்னால என்ன?"

இளைஞருக்குத் தெரியவில்லை.

"ஷாஃப்டை அளந்துட்டு வா தம்பி. இல்லைன்னா நான் வந்து அளக்கறேன். அதுவரை நான் இரும்பைத் தொட மாட்டேன்."

அத்தை உள்ளேயிருந்து வெர்னியர் பெட்டியை எடுத்து வந்தார். இருவரும் படகுத் துறைக்குக் கிளம்பினார்கள்.

கடினமான சொற்கள்

கடைசல் – சுற்ற வைத்துச் சீவி உருவாக்குதல்
மரை – திருகாணியில் உள்ள சுருள் வரி
விட்டம் – வட்டத்தின் குறுக்கே உள்ள அளவு
புஷ் – ஷாஃப்டைச் சுற்றித் தாங்கும் உலோகக் குழல்
ரசமட்டம் – சமம் பார்க்கும் கருவி
துருவல் – கடையும்போது உதிரும் உலோகத் தூள்

விடை எழுதுங்கள்

1. படகின் ஷாஃப்ட் ஏன் ஆட ஆரம்பித்தது?
2. சின்ன கோலின் பூஜ்யம் 25ஐத் தாண்டியிருக்கிறது. 20ஆவது கோடு நேராகச் சேர்கிறது. அளவு என்ன?
3. 50 மி.மீ. இரும்புக் கம்பியை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் கடையலாம்?
4. லேத் ஓடும்போது கையுறை ஏன் போடக் கூடாது?

(2ஆம் கேள்விக்கு விடை: 25.40 மி.மீ. 3ஆம் கேள்விக்கு விடை: 160 சுற்று.)

கலந்து பேசுங்கள்

உங்கள் வேலையில் "சில்லறை" என்று நீங்கள் கவனிக்காமல் விடும் அளவு எது? மருந்தின் அளவா, உரத்தின் அளவா, தராசின் முள்ளா? அது பிசகினால் யாருக்கு என்ன ஆகும்? வகுப்பில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.